நான்கு யோசனைகளில் எதை எடுப்பது? ஒரு வடிவமைப்பு மாணவிக்காகச் செய்த ஒப்பீடு

வில்லாபுரத்தில் இருக்கும் என் அக்காவின் மகள் மதுரையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறாள். கிராஃபிக் டிசைன்தான் தன் வழி என்று இரண்டாம் ஆண்டிலேயே முடிவு செய்துவிட்டவள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அவளுக்குக் கொடுக்கப்பட்ட காலம் எட்டு வாரம். பணிக்கு வாடிக்கையாளர் என்று யாரும் இருக்கக் கூடாது, ஒரு கருவிலிருந்து அது பிறந்திருக்க வேண்டும், பார்ப்பவர் அதோடு விளையாடும்படி இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அவள் ஒரு நோட்டில் நான்கு யோசனைகளை எழுதி எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, இதுல எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். கல்யாணப் பத்திரிகையும் இனிப்புக்கடை அட்டைப்பெட்டியும் வடிவமைத்துப் பிழைப்பவன் நான். இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. ஆகவே அன்றே பதில் சொல்லாமல், சில மாலைகள் அவளோடு உட்கார்ந்து நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, மதுரைச் சுவரொட்டிகளின் மொழியைக் கேலி செய்யும் சுவரொட்டித் தொடர். இரண்டாவது, ஆடுபுலி ஆட்டத்தை மாசி வீதிகளுக்குக் கொண்டுவரும் பலகை விளையாட்டு. மூன்றாவது, தமிழ் எண்களும் தமிழ் எழுத்துகளும் ஒரே உருவில் இருப்பதை வைத்துச் செய்யும் எழுத்துச் சிலேடை. நான்காவது, தீப்பெட்டிகளில் விடுகதை.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடைய அளவுகோல் என் சொந்தத் தோல்வியிலிருந்து வந்தது. மாணவனாக இருந்தபோது நான் மதுரை டவுன் பஸ் வழித்தடங்களை வைத்து ஒரு பரமபதம் செய்தேன். ஏணி இருந்த இடத்தில் மேம்பாலம், பாம்பு இருந்த இடத்தில் கோரிப்பாளையம் சிக்னல். வண்ணம் நன்றாக வந்திருந்தது, பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் கண்காட்சி நடந்த இரண்டு நாளும் ஒருவர்கூடத் தாயக்கட்டையை உருட்டவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பரமபதத்தில் ஆடுபவர் எடுக்கும் முடிவு என்று எதுவுமே கிடையாது. காயை நகர்த்துவது விழும் எண் மட்டுமே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும்போது அந்தக் கையறுநிலைக்கு ஒரு பொருள் இருக்கிறது, ஏனென்றால் ஏணியும் பாம்பும் அங்கே புண்ணியமும் பாவமும். நானோ அந்தப் பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, முடிவெடுக்க இடமில்லாத விதியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே பேருந்துத் தோல் ஒன்றைப் போர்த்தியிருந்தேன். அன்றிலிருந்து எந்த யோசனையையும் நான் இரண்டு கேள்விகளால் சோதிப்பது வழக்கம்: பென்சிலும் வீணான தாளும் மட்டும் வைத்துக்கொண்டு இதை ஆட முடியுமா? வடிவமைத்தவர் பக்கத்தில் நின்று விளக்காமல் இதை ஆட முடியுமா?

சுவரொட்டி யோசனை முதல் மாலையிலேயே விழுந்துவிட்டது. மதுரைச் சுவரொட்டிகள் தம்மைத் தாமே மிஞ்சுபவை. காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அடிக்கப்படும் வாசகங்களில் இருக்கும் துணிச்சலை நகல் செய்யப் போகிறவர், மூலத்தைவிட ஒரு படி கீழேதான் நிற்க முடியும். கேலிக்கு ஆளாகிறவரே தன்னைக் கேலி செய்து முடித்துவிட்ட பிறகு நமக்கு அங்கே வேலை இல்லை. தவிர, அந்தத் தொடரில் பார்ப்பவர் செய்வதற்கு என்ன இருக்கிறது? படித்துச் சிரித்துவிட்டு நகர்வதைத் தவிர ஒன்றும் இல்லை.

ஆடுபுலி அப்படி எளிதில் விழவில்லை. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை ஆடு நகரக் கூடாது, புலி தன் பக்கத்திலுள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் அதை வெட்டலாம், புலிகள் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. இரண்டு தரப்புக்கும் வலிமையும் நோக்கமும் வேறுவேறாக இருப்பதுதான் இதன் அழகு. எண்ணிக்கையில் பெரியவர்கள் பலத்தில் சிறியவர்கள். பழைய கோயில்களின் கல்தளங்களில் இதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீழடியில் தந்தத்தாலான பகடைக்காய்கூடக் கிடைத்திருக்கிறது. ஆக, இந்த மண்ணில் விளையாட்டுப் பொருள் செய்ய ஒருவர் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய எண்ணம், புலிகளைப் பெரிய ஜவுளிக்கடைகளாகவும் ஆடுகளைத் தரைக்கடை வியாபாரிகளாகவும் மாற்றி, பலகையை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளாக வரைவது. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளிவீதி என்று ஒன்றனைச் சுற்றி ஒன்றாக நான்கு சதுரங்கள். வரைபடமாகப் பார்க்க மிக அழகாக இருந்தது. சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில் ஓடுகிற ஊர் இது. தெருப்பெயரும் மாதமும் ஒத்துப்போகாத இந்த விந்தையை வைத்தே தனியாக ஒரு விளையாட்டுச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதை அவளிடம் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். நான்கு யோசனைகளே அதிகம்.

மொசைக் தரையில் சாக்பீஸால் நான்கு சதுரங்கள் வரைந்து, ஒவ்வொரு வீதியின் நடுப்புள்ளியையும் அடுத்த வீதியின் நடுப்புள்ளியோடு இணைத்து, புளியங்கொட்டைகளை ஆடாகவும் மூன்று சோழிகளைப் புலியாகவும் வைத்து ஆடினோம். பத்தே நிமிடத்தில் ஆட்டம் செத்துவிட்டது. காரணம் எளியது: சதுரத்தின் மூலையில் நிற்கும் ஆட்டைப் புலி தாண்டவே முடியாது, ஏனென்றால் மூலை வழியாக நேர்கோடு எதுவும் போவதில்லை. நான்கு சதுரங்களுக்குப் பதினாறு மூலைகள், ஆடுகளோ பதினைந்து. ஆட்டுக்கு இவ்வளவு பத்திரமான இடங்கள் இருந்தால் பயம் எங்கிருந்து வரும்? பழைய முக்கோணப் பலகையில் இந்தக் கணக்கெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துச் சரி செய்யப்பட்டது. கோட்டை மாற்றினால் ஆட்டமே மாறிவிடுகிறது. பழைய பலகையை அப்படியே வைத்துக்கொண்டு காய்களின் பெயரை மட்டும் மாற்றினால் அது என்னுடைய பேருந்துப் பரமபதத்தின் தங்கை. கோட்டை மாற்றி, மூலைகளைக் குறுக்குக் கோடுகளால் திறந்து, ஆடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து, இருவருக்கும் ஏறத்தாழ சமமான வாய்ப்பு வரும்வரை ஆடிப் பார்ப்பதற்கு எட்டு வாரம் போதாது. ஓராண்டு கையில் இருந்து, கூடவே சளைக்காமல் ஆடுவதற்கு ஒரு தோழியும் இருந்தால் நான்கில் இதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

மீதமுள்ள இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. எண்ணும் எழுத்தும் பற்றிய யோசனையை அவள் சொன்ன மாலையில் எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

தமிழ் எண்கள் பெரும்பாலும் தமிழ் எழுத்துகளின் உருவிலேயே இருப்பவை. ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௪ என்பது ச போல, ௫ என்பது ரு போல, ௬ என்பது சு போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல, ௯ என்பது கூ போல இருக்கும். இதை வைத்து விளையாடுவது புதிதும் அல்ல. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசை வருகிறது; எட்டுக்கு அ, காலுக்கு வ, சேர்த்தால் அவலட்சணம். அக்காள் மகள் செய்தது என்னவென்றால், அந்த வழியைத் தலைகீழாக நடந்து, எண்களை எழுதி அவற்றைச் சொல்லாக வாசிக்கச் சொன்னது. 1414 என்று எழுதுங்கள்: ௧௪௧௪. வாசித்தால் 'கசகச'. சித்திரை வெயிலில் பெரியார் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு இதைவிடத் துல்லியமான சுவரொட்டி வேறு வேண்டுமா? வியர்வைத் துளி வரைய வேண்டாம், சூரியன் வரைய வேண்டாம். 99 என்றால் கூகூ, அதாவது ரயில், இல்லையென்றால் குயில். 75 எரு. 85 அரு. 25 உரு. 15 கரு. கருவுக்கும் உருவுக்கும் இடையில் பத்துதான் வித்தியாசம் என்று அவள் நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து, இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது தட்டவில்லையே என்று பொறாமைப்பட்டேன்.

எழுத்தை வைத்து விளையாடுகிறேன் என்று சொல்லும் பல மாணவர் பணிகளிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மழை என்று எழுதி ழகரத்தின் வாலில் நீர் சொட்ட வைப்பதும், மீன் என்று எழுதி அதற்குச் செதில் வரைவதும் அலங்காரம். சொல் ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் படம் திரும்பச் சொல்கிறது. சிலேடையில் இரண்டு பொருளும் தனித்தனியாக நிற்கும், ஒரே உடம்பைப் பகிர்ந்துகொள்ளும். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவைப் பாடியபோது அந்த வெண்பா முழுவதும் பாம்பாகவும் இருந்தது, முழுவதும் எள்ளாகவும் இருந்தது. ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷிகேயோ ஃபுகுடா 1975-இல் வரைந்த புகழ்பெற்ற சுவரொட்டியில் பீரங்கிக் குண்டு ஒன்று தன் குழாயை நோக்கியே திரும்பி வருகிறது. ஒரு பொருளின் திசையை மட்டும் மாற்றிப் போரைப் பற்றிச் சொல்ல வேண்டிய அனைத்தையும் சொல்லிவிட்டார். ௧௪௧௪ அந்த வகை. மறுபக்கம், அதே நோட்டில் வைகையைப் பற்றி அவள் எழுதியிருந்த 'காயம் ஆறும். ஆறு காயும்' என்ற வரி காதுக்கு அத்தனை நன்றாக இருந்தும், அதை நான் அடித்துவிடச் சொன்னேன். சொல்லிலேயே முடிந்துபோன விளையாட்டுக்குப் படம் எதற்கு?

குறைகளும் உண்டு. பழைய முறைப்படி பத்துக்கு ௰ என்ற தனிக்குறி இருக்கிறது. பதினைந்தை ௰௫ என்றுதான் முன்னோர் எழுதினார்கள். ௧௫ என்று இடமதிப்பில் எழுதுவது பிற்கால வழக்கம். நடுவர்களில் தமிழ் படித்த ஒருவர் இருந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும், அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இடமதிப்புக்குத் தேவையான தமிழ்ச் சுழியத்துக்கு, கணினிகளின் பொது எழுத்துக்குறியீடான யூனிகோடில் இடம் கிடைத்ததே 2005-இல், 4.1-ஆம் பதிப்பில்தான் என்பதை அந்தப் பதிலோடு சேர்த்துச் சொல்லலாம். எழுத்துருச் சிக்கலும் இருக்கிறது: சில எழுத்துருக்களில் ௧-உம் க-வும் ஒன்றுபோலவே இருக்கும், சிலவற்றில் எண்ணுக்கு வால் நீண்டிருக்கும். ஆகவே கிடைத்த எழுத்துருவைப் போட்டுவிட்டுப் போக முடியாது. அந்த எட்டு உருக்களையும் கையால் வரைய வேண்டும், எண்ணா எழுத்தா என்ற தயக்கம் ஒரு நொடி நீடிக்கும் அளவுக்கு மட்டும் வால் விட்டு வரைய வேண்டும். இதைக் குறையாகச் சொன்னாலும், ஒரு மாணவி தன் கைத்திறனைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

பெரிய குறை வேறு. தமிழ் எண்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்? மொரீஷியஸ் நாட்டின் பணத்தாள்களில் தமிழ் எண்கள் இருக்கின்றன; மாட்டுத்தாவணியில் ஒரு பேருந்தில்கூட இல்லை. அவள் ௧௪௧௪ என்று எழுதிய தாளைப் பன்னிரண்டு பேரிடம் காட்டினாள். எல்லோரும் கசகச என்று வாசித்தார்கள். அது எண் என்று கண்டுகொண்டவர், பழைய பத்திரங்களைப் பார்த்துப் பழகிய ஒரு பெரியவர் மட்டுமே. சிலேடையின் ஒரு கால் ஒடிந்திருந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1981-இல் ஐபிஎம் நிறுவனத்துக்குச் செய்த சுவரொட்டியில் ஒரு கண், ஒரு தேனீ, ஓர் எம் எழுத்து; ஆங்கிலம் தெரிந்தவர் அவற்றின் பெயர்களை (ஐ, பீ, எம்) வாய்விட்டுச் சொன்னால் போதும், யாரும் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கேயோ முதலில் வாய்பாட்டைக் கொடுத்தாக வேண்டும். என் இரண்டாவது கேள்வியில் இந்த யோசனை தடுமாறுகிறது.

ஆனால் வாய்பாட்டைக் கொடுத்த பிறகு நடந்ததையும் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதிய ஒரு சிறு சீட்டைக் கையில் கொடுத்தவுடன், அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் அவளை மறந்துவிட்டுத் தங்கள் கைப்பேசி எண்ணை வாசிக்கத் தொடங்கினார்கள். மதுரை வண்டிகளின் பதிவெண்ணில் வரும் 58 'ருஅ' ஆனது, 59 'ருகூ' ஆனது, 64 'சுச' ஆனது. ஒரு விளையாட்டு தன்னைச் செய்தவரை விட்டு ஓடிப்போவதைவிடப் பெரிய பாராட்டு அதற்குக் கிடையாது.

தீப்பெட்டிக்கு வருவோம். மதுரையிலிருந்து சிவகாசி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த பெட்டியின் விலை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. நம் வீடுகளுக்குள் காசு கொடுத்து வாங்கப்பட்டு வரும் அச்சுப் படங்களில் இதைவிட மலிவானது உண்டா என்று தெரியவில்லை. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளமும் மூன்றரை சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்த இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கேட்கும்படி ஒரு படம் இருந்தாக வேண்டும். அவ்வளவு சிறிய இடத்தில் தடுமாறுபவருக்கு எவ்வளவு பெரிய தாள் கொடுத்தும் பயன் இல்லை.

பழைய லேபிள்களின் அழகை நகலெடுப்பதாக இருந்திருந்தால் இதையும் நான் தள்ளியிருப்பேன். மங்கிய மஞ்சளும் பிசகிய சிவப்பும் போட்டுப் பழமை வேடம் கட்டிய பணிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. அவள் பிடித்தது லேபிளை அல்ல, பெட்டியின் செயலை. தீப்பெட்டிக்கு வெளியே ஓர் உறை, உள்ளே ஒரு தட்டு. தள்ளினால்தான் உள்ளே இருப்பது தெரியும். விடுகதையும் அப்படித்தான். வெளியே கேள்வி, உள்ளே விடை, நடுவில் விரல் தயங்கும் ஒரு கணம். 'பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்துகள்' என்றால் வெண்டைக்காய். ஐந்து பட்டைக் கோடுகள் போட்ட பச்சை உறை, உள்தட்டில் வெண்புள்ளிகள். 'ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்' என்றால் தேங்காய். 'வெள்ளை ராஜாவுக்குக் கறுப்பு உடை' என்றால் உளுந்து. இதற்குப் படமே வேண்டாம், கறுப்பு உறை, வெள்ளைத் தட்டு, அவ்வளவுதான். வடிவமும் கருவும் இதைவிட நெருங்கி உட்கார முடியாது.

செய்முறையிலும் இதற்குத்தான் சாதகம். 12-க்கு 18 அங்குல டிஜிட்டல் அச்சுத் தாளில், அச்சுப் படாத ஓரம் போக, இருபது உறைகளை அடுக்கலாம். ஒரு யோசனை தோற்றால் ஒரு பெட்டிதான் தோற்கும், தொடர் தோற்காது. ஆடுபுலியில் ஒரு விதி தோற்றால் எல்லாமே தோற்கும். ஒரே ஒரு தொல்லை: அட்டை முழுவதும் கறுப்பு டோனர் ஏற்றி மடித்தால் மடிப்பில் கறுப்பு உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். முதல் உளுந்துப் பெட்டி அப்படித்தான் வந்தது. ராஜாவின் உடை கிழிந்திருந்தது. கிரீசிங் (மடிப்புக் கோட்டை முன்பே அழுத்திப் பதிப்பது) போட்டுவிட்டு மடிக்கலாம், மேலே லேமினேஷன் செய்யலாம், இரண்டையும்விட அச்சே இல்லாமல் கறுப்பு நிற அட்டையை வாங்கிக் கத்தியால் வெட்டுவது நல்லது. டை (அட்டையை வெட்டும் அச்சு) அடிக்கச் சொல்லிப் பணம் செலவழிக்க இருபது பெட்டிகளுக்கு அவசியமில்லை.

இரண்டையும் எதிரெதிரே வைத்தால், எண்ணெழுத்துச் சிலேடை ஆழமானது, தீப்பெட்டி உடனே ஆடக்கூடியது. முதலாவது தமிழ் வாசிப்பவருக்கு மட்டும். இரண்டாவதை, விடுகதையைப் படமாகவே சொல்லிவிட்டால், யாரும் ஆடலாம். முதுகலைக்கு அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் ஆசை அவளுக்கு இருக்கிறது. அங்கே தமிழ் தெரியாதவர்கள் பார்ப்பார்களே என்பதற்காகத் தீப்பெட்டியை எடுக்காதே என்று சொன்னேன். அந்தக் காரணம் தேர்வுக்குள் நுழைந்தால் பெட்டிக்குள் வெண்டைக்காய்க்குப் பதிலாக ஸ்ட்ராபெரி வந்துவிடும். தீப்பெட்டியை எடுக்கச் சொன்னதற்கு என் காரணம் நேரம் மட்டுமே: எட்டு வாரத்தில் அவள் எட்டு முறை தோற்று எட்டு முறை திருத்த முடியும். எண்ணெழுத்துக்கு உருக்களை வரைந்து முடிப்பதற்கே நான்கு வாரம் போய்விடும், அதன் பிறகுதான் முதல் தோல்வி வரும். அந்த நோட்டை மூடி வை, படிப்பு முடிந்ததும் சிவகாசியில் ஒரு நாட்காட்டியாக அடிப்போம், 15-ஆம் தேதி கருவும் 25-ஆம் தேதி உருவும் வரட்டும் என்றேன். அவளுக்கு அரைமனம். எனக்கும்தான்.

கறுப்பு அட்டையில் வெட்டிய இரண்டாவது உளுந்துப் பெட்டியை அவள் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் என் அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அதைத் திறக்கவில்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, ஒண்ணும் இல்லையா உள்ளே?" என்று கேட்டார். தீப்பெட்டி கைக்கு வந்தால் குச்சி இருக்கிறதா என்று எல்லோரும் முதலில் செய்வது அதுதானே. நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றிரவே அவள் அடுக்களையிலிருந்து உளுந்தும் வெண்டை விதையும் கசகசாவும் எடுத்து வந்து, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை போட்டால் எப்படி ஒலிக்கிறது என்று எழுதத் தொடங்கினாள். தேங்காய்க்கு என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.